எந்த ஆன்டிபயாடிக்குக்கு பவர் அதிகம்?

கேள்வி: கடந்த ஒன்றரை வருடத்தில் எங்கள் வீட்டில் நான்கு பேரும் ஆன்டிபயாடிக் சாப்பிட்டுவிட்டோம். எனக்குப் பல் வேரில் சீழ் பிடித்துத் தாடை வீங்கியபோது அமாக்சிசிலினும் மெட்ரோனிடசோலும் கொடுத்தார்கள். காட்டு வேலைக்குப் போய்வந்த என் கணவருக்கு விடாத காய்ச்சல். மூன்று நாள் செஃப்ட்ரியாக்சோன் ஊசி போட்டும் இறங்கவில்லை. அப்புறம் வேறொரு டாக்டர், அக்குளில் கறுப்பாக ஒரு பொருக்கு இருப்பதைப் பார்த்துவிட்டு டாக்சிசைக்ளின் மாத்திரை எழுதினார். இரண்டே நாளில் காய்ச்சல் விட்டது. 9 வயது மகனுக்குச் சளி, இருமல் வந்தால் மெடிக்கல் ஷாப்பில் சொல்லி மூன்று நாளைக்கு அசித்ரோமைசின் வாங்கிக் கொடுப்போம். சர்க்கரை நோய் உள்ள என் மாமியாருக்கு நீர்க்கடுப்பு வந்தபோது நைட்ரோஃபுரான்டாயின் நன்றாகக் கேட்டது. எல்லாமே கிருமியைக் கொல்கிற மருந்துதானே, ஏன் இத்தனை வகை? இதில் எதற்கு பவர் அதிகம்? இப்போது மாமியாருக்கு மறுபடியும் நீர்க்கடுப்பு. இந்தத் தடவை விலாவுக்குக் கீழே முதுகில் வலியும் குளிர் காய்ச்சலும் சேர்ந்திருக்கிறது. போன தடவை மீந்த மாத்திரை அரை அட்டை இருக்கிறது. அதையே கொடுக்கலாமா?
— வாசகி, நாமக்கல் மாவட்டம்

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் சொல்லிவிடுகிறேன். வேண்டாம், அந்த மாத்திரையைக் கொடுக்காதீர்கள். கடிதம் கிடைத்த அன்றே உங்களுக்குத் தனியாகவும் எழுதிவிட்டேன். இதே நிலையில் இருக்கக்கூடிய மற்றவர்களுக்காக இங்கேயும் சொல்கிறேன். நீர்க்கடுப்போடு முதுகுப்பக்க வலி, குளிர் நடுக்கம், காய்ச்சல், வாந்தி எல்லாம் சேர்ந்தால், தொற்று சிறுநீர்ப்பையிலிருந்து சிறுநீரகத்துக்கு ஏறிவிட்டது என்று நினைத்துத்தான் நடக்க வேண்டும். சர்க்கரை நோயாளியாக இருந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கிருமி ரத்தத்தில் பரவி ரத்த அழுத்தம் இறங்கிப்போக ஒரு ராத்திரி போதும். சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவர்களுக்குச் சிறுநீரகத்துக்குள்ளேயே வாயு உண்டாகிற மோசமான தொற்றும் வரலாம்.

போன தடவை கேட்ட மருந்து இந்தத் தடவை ஏன் கேட்காது? நைட்ரோஃபுரான்டாயின் 1953-லிருந்து புழக்கத்தில் இருக்கும் பழைய மருந்து. சாப்பிட்டதும் ரத்தத்தில் தங்காமல் வேகமாகச் சிறுநீரில் இறங்கிவிடும். அதனால் சிறுநீர்ப்பையில் அது ஏராளமாகச் சேரும்; ரத்தத்திலும் சிறுநீரகத் திசுவிலும் கிருமியைக் கொல்லும் அளவுக்குச் சேர்வதே இல்லை. சிறுநீரகம் ஏற்கெனவே பழுதுபட்டிருந்தால் சிறுநீருக்கும் போதுமான அளவு வராது. ஆள் அதே ஆள், கிருமியும் பெரும்பாலும் அதே ஈ.கோலை என்ற குடல் பாக்டீரியா. ஆனால் அது ஒரு சாண் மேலே ஏறிவிட்டால் இந்த மாத்திரைக்கு அங்கே வேலை இல்லை.

அதனால்தான் எதற்கு பவர் அதிகம் என்ற கேள்விக்கு என்னால் பதில் சொல்ல முடியாது. எந்தக் கிருமி, உடம்பில் எந்த இடத்தில் இருக்கிறது? இந்த இரண்டும் தெரிந்தால்தான் மருந்தைப் பற்றிப் பேசவே முடியும். உங்கள் வீட்டு ஆறு மருந்துகளையும் வைத்தே இதை விளக்கலாம்.

ஆன்டிபயாடிக் என்று நாம் சொல்வது பாக்டீரியாவுக்கான மருந்து. நம் செல்லைக் கெடுக்காமல் பாக்டீரியாவை மட்டும் தாக்க வேண்டும் என்றால், அதனிடம் இருந்து நம்மிடம் இல்லாத ஒன்றையோ, இரண்டு பேரிடமும் இருந்தாலும் அமைப்பில் வேறுபட்ட ஒன்றையோ குறிவைக்க வேண்டும். அப்படிப்பட்ட இலக்குகள் சிலதான் உண்டு.

அதில் முதன்மையானது செல்சுவர். பாக்டீரியாவுக்குள் அழுத்தம் அதிகம். வெளியே ஒரு கெட்டியான சுவர் இருப்பதால்தான் அது வெடிக்காமல் இருக்கிறது. நம் செல்களுக்கு அப்படிச் சுவர் கிடையாது. வளர்கிற பாக்டீரியா தன் சுவரை ஓயாமல் பிரித்துக் கட்டிக்கொண்டே இருக்கும். அந்த இழைகளைக் குறுக்காகப் பிணைக்கிற நொதியோடு போய் ஒட்டிக்கொண்டு, அதன் வேலையை நிறுத்துகிறது பென்சிலின். செங்கலை அடுக்கிவிட்டுக் கலவை பூசாமல் விட்ட சுவர் மாதிரி ஆகி, உள்ளழுத்தம் தாங்காமல் பாக்டீரியா உடைந்துவிடும். நீங்கள் சாப்பிட்ட அமாக்சிசிலின், கணவருக்குப் போட்ட செஃப்ட்ரியாக்சோன், குழந்தைகளுக்கு சிரப்பாக வரும் செஃபிக்சிம், ஐ.சி.யூ.வில் போடும் மெரோபெனெம் எல்லாமே இந்த ஒரே குடும்பம். பீட்டா லாக்டம் குடும்பம் என்று பெயர். நம்மிடம் இல்லாத ஒன்றைத் தாக்குவதால், அலர்ஜி இல்லாதவர்களுக்கு இவை பொதுவாகப் பாதுகாப்பானவை. அலர்ஜி இருந்தால் உயிருக்கே ஆபத்தாகலாம். முன்பு எப்போதாவது உடம்பு தடித்து மூச்சு வாங்கியிருந்தால், மருந்தின் பெயரை எழுதி வைத்து ஒவ்வொரு டாக்டரிடமும் சொல்லுங்கள்.

அப்படியானால் உங்கள் கணவருக்கு அந்த ஊசி ஏன் கேட்கவில்லை? அக்குளில் இருந்த கறுப்புப் பொருக்கைக் கண்டுபிடித்த அந்த டாக்டரைப் பாராட்ட வேண்டும். நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் அது ஸ்க்ரப் டைபஸாகத்தான் இருக்கும். நம் ஊர்ச் செய்தித்தாள்களில் உண்ணிக் காய்ச்சல் என்று எழுதுவார்கள். புதர்களிலும் புல்லிலும் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத பூச்சிக்குஞ்சு கடித்த இடத்தில்தான் அந்தப் பொருக்கு வரும். வலிக்காது, அரிக்காது. அக்குள், தொடை இடுக்கு, மார்புக்குக் கீழே என்று மறைவான இடத்தில் இருப்பதால், துணியை விலக்கித் தேடினால்தான் தெரியும். இந்தக் கிருமி நம் செல்லுக்கு உள்ளே புகுந்து வாழ்கிறது. பென்சிலின் குடும்ப மருந்துகள் செல்லுக்குள் சரியாக நுழைவதில்லை. நுழைந்தாலும் அவை தாக்குகிற மாதிரி கெட்டியான சுவர் இந்தக் கிருமிக்கு இல்லை. ஊசியை மூன்று நாள் இல்லை, மூன்று வாரம் போட்டிருந்தாலும் பலன் இருந்திருக்காது.

டாக்சிசைக்ளின் செல்லுக்குள் எளிதாகப் போகும். போய், பாக்டீரியா புரதம் தயாரிக்கிற ரைபோசோமில் உட்கார்ந்துகொள்ளும். புரதம் கட்டத் தேவையான அமினோ அமிலங்கள் வந்து சேர முடியாமல் போய், கிருமி வளராது. நமக்கும் ரைபோசோம் உண்டு. ஆனால் அமைப்பு வேறு. நேரம் கடந்து நுரையீரல், மூளை என்று பாதிக்கப்பட்டுவிட்டால் மாத்திரை மட்டும் போதாது. அந்த நிலையில் என்ன செய்வது என்பதற்கு நல்ல விடை நம் ஊரிலிருந்தே வந்தது. வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் தலைமையில் இந்தியாவின் பல மருத்துவமனைகளில் நடந்த ஆய்வு 2023-இல் வெளியானது. தீவிரமான ஸ்க்ரப் டைபஸுக்கு டாக்சிசைக்ளின், அசித்ரோமைசின் இரண்டையும் நரம்பு வழியாகச் சேர்த்துக் கொடுப்பது, ஏதாவது ஒன்றை மட்டும் கொடுப்பதைவிடச் சிறந்தது என்று அது காட்டியது.

டாக்சிசைக்ளின் எலிக்காய்ச்சலுக்கும் காலராவுக்கும் முகப்பருவுக்கும்கூடப் பயன்படும். ஆனால் விழுங்கும் விதம் முக்கியம். உட்கார்ந்தோ நின்றோ, ஒரு பெரிய டம்ளர் தண்ணீரோடு விழுங்கிவிட்டு, அரை மணி நேரமாவது படுக்கக் கூடாது. உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டால் புண்ணாக்கிவிடும். இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளோடு சேர்த்து விழுங்கினால் மருந்து உடம்பில் சேராது. வெயிலில் வேலை செய்பவர்களுக்குத் தோல் கன்றிப்போகும், முழுக்கைச் சட்டை போடச் சொல்ல வேண்டும்.

உங்கள் பல்லுக்கு வருவோம். வாயில் காற்றில்லாத இடுக்குகளில் வாழும் பாக்டீரியாக்கள் ஏராளம். மெட்ரோனிடசோல் அவற்றுக்கென்றே அமைந்த மருந்து. வெளியே அது சும்மா இருக்கும். ஆக்சிஜன் இல்லாமல் வாழ்கிற செல்லுக்குள் போனதும் வேதி மாற்றம் அடைந்து அதன் டி.என்.ஏ.வை அறுத்துவிடும். ஆக்சிஜனோடு வாழும் பாக்டீரியாவை அது ஒன்றும் செய்யாது. இந்தக் குணம் தற்செயலாகத்தான் தெரியவந்தது. பெண்களுக்கு வரும் ட்ரைக்கோமோனஸ் தொற்றுக்கு இதைச் சாப்பிட்டவருக்கு ஈறு நோயும் சேர்ந்து ஆறியதை 1962-இல் கவனித்து எழுதினார்கள். அமீபா பேதிக்கும் இதுவே மருந்து, அமீபா பாக்டீரியாவே இல்லாவிட்டாலும். சாப்பிடும் நாட்களில் வாயில் உலோகம் மாதிரி ஒரு கசப்பு இருக்கும், பயப்பட வேண்டாம். மது மட்டும் கூடாது.

ஆனால் சீழ் கட்டிய பல்லை மாத்திரை குணப்படுத்தாது. சீழ் இருக்கும் இடத்துக்கு ரத்த ஓட்டம் கிடையாது, ரத்தம் போகாத இடத்துக்கு மருந்தும் போகாது. வீக்கம் வடிந்ததும் பல் டாக்டரிடம் போகாமல் விட்டிருந்தீர்களானால், வேர் சிகிச்சையோ பல் எடுப்பதோ இன்னும் பாக்கி இருக்கிறது. அது திரும்ப வரும்.

மகன் விஷயத்தைக் கொஞ்சம் நீட்டிச் சொல்லப் போகிறேன், ஏனென்றால் எனக்கு மிகவும் கவலை தருவது அதுதான். சளி, மூக்கொழுகல், இருமல் பெரும்பாலும் வைரஸால் வருகிறவை. வைரஸுக்குச் செல்சுவர் இல்லை, ரைபோசோம் இல்லை. மேலே சொன்ன எந்த மருந்துக்கும் பிடிப்பதற்கு அங்கே ஒன்றுமே இல்லை. பையனுக்கு மூன்று நாளில் சரியாவது, மூன்று நாளில் அதுவாகவே சரியாகக்கூடியது என்பதால்தான். அசித்ரோமைசினும் ரைபோசோமைத்தான் தாக்குகிறது, ஆனால் டாக்சிசைக்ளின் உட்காரும் பகுதியில் இல்லை, வேறொரு பகுதியில். திசுக்களில் நாள்கணக்கில் தங்குவது அதன் சிறப்பு. அதனால்தான் மூன்று மாத்திரையோடு முடிகிறது. தேவையில்லாமல் கொடுத்தால் அந்தச் சிறப்பே கெடுதலாகிறது. மாத்திரை நிறுத்திய பிறகும் குறைந்த அளவில் மருந்து உடம்பில் இருந்துகொண்டே இருக்கும். தொண்டையிலும் குடலிலும் இருக்கும் பாக்டீரியாக்களில் அதைத் தாங்கக்கூடியவை மட்டும் பிழைத்துப் பெருகும்.

நாளைக்கு உங்கள் மகனுக்கே டைபாய்டு வரலாம். ஒரு காலத்தில் டைபாய்டுக்கு சிப்ரோஃபிளாக்சசின் அற்புதமாக வேலை செய்தது. இந்தியாவில் இன்று அதை நம்பிக் கொடுக்க முடியாது. வாய்வழியாகக் கொடுக்க மிஞ்சியிருப்பவற்றில் நல்லது அசித்ரோமைசின். அதைச் சளிக்குக் கொடுத்துத் தீர்ப்பதை என்னால் ஏற்கவே முடியாது.

எப்போது ஆன்டிபயாடிக் தேவைப்படலாம் என்றும் சொல்லிவிடுகிறேன். இருமல், மூக்கொழுகல் இல்லாமல் திடீரென்று காய்ச்சல், விழுங்க முடியாத தொண்டை வலி, கழுத்தில் நெறி கட்டுவது என்று வந்தால் அது ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தொற்றாக இருக்கலாம். 5 முதல் 15 வயதுப் பிள்ளைகளுக்கு இது அதிகம். கவனிக்காமல் விட்டால் சிலருக்கு ருமாட்டிக் காய்ச்சல் வந்து இதய வால்வு கெட்டுப்போகும். இதற்கு மருந்து பழைய பென்சிலின் அல்லது அமாக்சிசிலின், வழக்கமாக 10 நாள். இந்தத் தொண்டைக் கிருமி 80 வருடமாகியும் பென்சிலினை எதிர்த்து நிற்கக் கற்றுக்கொள்ளவில்லை. ஆனால் அசித்ரோமைசினை எதிர்க்கக் கற்றுக்கொண்டுவிட்டது. கடையில் குறைந்த பவர் என்று ஒதுக்கப்படுகிற மலிவான மாத்திரைதான் இங்கே சரியான மருந்து. மகனுக்கு மூச்சு வேகமாக வாங்கினாலோ, நெஞ்சுக்கூடு உள்ளே இழுத்தாலோ, மூன்று நாளுக்கு மேல் காய்ச்சல் நின்றாலோ கடைக்குப் போகாமல் டாக்டரிடம் போங்கள்.

உங்கள் கடிதத்தில் வராத ஒரு மருந்துக் குடும்பத்தையும் சேர்க்கிறேன். நம் ஊரில் அதிகம் வீணடிக்கப்படுவது அது. சிப்ரோஃபிளாக்சசின், ஓஃபிளாக்சசின், லெவோஃபிளாக்சசின் என்று வரும் குடும்பம், பாக்டீரியா தன் டி.என்.ஏ.வை முறுக்கவும் பிரிக்கவும் வைத்திருக்கும் நொதிகளைத் தாக்குகிறது. பேதி என்று கடையில் போய்ச் சொன்னால் ஓஃபிளாக்சசினும் ஆர்னிடசோலும் கலந்த மாத்திரையை எடுத்துத் தருகிறார்கள். நீர்நீராகப் போகிற சாதாரணப் பேதிக்கு ஓ.ஆர்.எஸ். போதும், குழந்தைகளுக்குத் துத்தநாகமும் சேர்த்து. அந்தக் கலவை மாத்திரைக்கு அங்கே ஒரு காரணமும் இல்லை. லெவோஃபிளாக்சசினில் இன்னொரு ஆபத்து உண்டு. அது காசநோய்க் கிருமியையும் ஓரளவு அடக்கும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமுகிறவருக்கு சளிப் பரிசோதனை செய்யாமல் இதைக் கொடுத்தால் கொஞ்சம் தேறுவார், நோய் தெரியாமல் போகும், மாதக்கணக்கில் வீட்டில் எல்லோருக்கும் பரவும்.

பெரிய ஆஸ்பத்திரிகளில் கடைசி ஆயுதமாக வைத்திருக்கும் மருந்துகளும் எல்லாவற்றையும் கொல்கிறவை இல்லை. வான்கோமைசின் அளவில் பெரிய மூலக்கூறு. 1884-இல் கிராம் என்ற டென்மார்க் மருத்துவர் கண்டுபிடித்த சாயமுறை பாக்டீரியாக்களை இரண்டு கூட்டமாகப் பிரிக்கும். அதில் கிராம் நெகட்டிவ் கூட்டத்துக்கு வெளிப்புறம் இன்னொரு சவ்வு உண்டு. வான்கோமைசினால் அதைத் தாண்ட முடியாது. ஈ.கோலை இந்தக் கூட்டம்தான், எனவே உங்கள் மாமியாருக்கு அது உதவவே உதவாது. கோலிஸ்டின் நேர்மாறு. அந்த வெளிச்சவ்வையே தாக்கும்; அந்த வெளிச்சவ்வு இல்லாத ஸ்டஃபைலோகாக்கஸ் போன்ற பாக்டீரியாவை ஒன்றும் செய்யாது. அமிக்காசின், ஜென்டமைசின் வகை குடலில் உறிஞ்சப்படாது, அதனால் ஊசியாக மட்டுமே. சிறுநீரகத்தில் நன்றாகச் சேரும். ஆனால் அதே சிறுநீரகத்தையும் காதுகேட்கும் திறனையும் கெடுக்கக்கூடும் என்பதால் எண்ணிக் கொடுக்க வேண்டும்.

உலக சுகாதார நிறுவனம் 2017-இல் ஆன்டிபயாடிக்குகளை மூன்றாகப் பிரித்தது: தாராளமாகக் கிடைக்க வேண்டியவை, கவனித்துக் கொடுக்க வேண்டியவை, வேறு வழியே இல்லாதபோது மட்டும் எடுக்க வேண்டியவை. உங்கள் வீட்டில் சரியாக வேலை செய்த அமாக்சிசிலின், மெட்ரோனிடசோல், டாக்சிசைக்ளின், நைட்ரோஃபுரான்டாயின் நான்குமே முதல் பட்டியல். பலனில்லாமல் போன செஃப்ட்ரியாக்சோன் ஊசியும் சளிக்குக் கொடுத்த அசித்ரோமைசினும் இரண்டாவது பட்டியல்.

மாமியாருக்குத் திரும்புகிறேன், ஏனென்றால் அவருக்கு மருந்து தேர்ந்தெடுப்பது எளிதில்லை. பென்சிலின் குடும்பத்தை வெட்டிப்போடும் நொதிகளை ஈ.கோலை தயாரிக்கக் கற்றுக்கொண்டிருக்கிறது. அந்த நொதியோடு தானே போய் ஒட்டிக்கொண்டு அமாக்சிசிலினைக் காப்பாற்றுவதற்காகத்தான் கிளாவுலானிக் அமிலத்தைச் சேர்த்துத் தருகிறார்கள். செஃபிக்சிம், செஃப்ட்ரியாக்சோனையும் உடைக்கிற நொதிகள் இப்போது நம் நாட்டில் சாதாரணம். மெரோபெனெமையே உடைக்கிற என்.டி.எம்.-1 என்ற நொதியும் ஒரு சிறுநீர்த் தொற்றில்தான் முதலில் பிடிபட்டது. டெல்லியில் சிகிச்சை பெற்றுத் திரும்பிய ஒருவரிடம் 2008-இல் ஸ்வீடனில் கண்டார்கள். சென்னை உட்பட நம் ஊர்களிலும் அது பரவியிருப்பதை 2010-இல் வெளியான ஆய்வு காட்டியது. அதன் முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கார்த்திகேயன் குமாரசாமி.

அதனால் முதல் ஊசி போடுவதற்கு முன்பே யூரின் கல்ச்சருக்கு, அதாவது சிறுநீரில் உள்ள கிருமியை வளர்த்து எந்த மருந்து கேட்கும் என்று பார்க்கும் பரிசோதனைக்கு, எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். காய்ச்சல் இருப்பதால் ரத்தக் கல்ச்சரும் எடுப்பார்கள். முதலில் வரும் சிறுநீரை விட்டுவிட்டு நடுவில் வருவதை, ஆஸ்பத்திரியில் தரும் டப்பாவில் பிடிக்க வேண்டும். ரிப்போர்ட் வர இரண்டு, மூன்று நாளாகும்; அதுவரை டாக்டர் அனுபவத்தை வைத்து ஒன்றைத் தொடங்குவார், வந்தபிறகு மாற்றக்கூடும். மாற்றினால் முதலில் கொடுத்தது தப்பு என்று அர்த்தமில்லை. அந்த ரிப்போர்ட்டில் ஒவ்வொரு மருந்துக்கும் நேரே, கிருமியை அடக்க அந்த மருந்து எவ்வளவு தேவை என்று ஒரு எண் இருக்கும். எண் குறைவாக இருப்பதே நல்ல மருந்து என்று பலர் நினைக்கிறார்கள். ஒரு மருந்தின் எண்ணை இன்னொன்றின் எண்ணோடு ஒப்பிடவே கூடாது, ஒவ்வொன்றுக்கும் வரம்பு வேறு. நைட்ரோஃபுரான்டாயின் வேலை செய்யும் என்று அதில் அச்சாகி வந்தாலும், சிறுநீரகத் தொற்றுக்கு அது உதவாது.

மாமியாரின் சர்க்கரை மாத்திரைகளையும், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் பழைய கிரியாட்டினின் ரிப்போர்ட்டையும் கையோடு எடுத்துப் போங்கள். சில சர்க்கரை மாத்திரைகளோடு சிப்ரோ, லெவோ குடும்பம் சேர்ந்தால் சர்க்கரை அபாயமாக இறங்கும். அமிக்காசின் போடலாமா, எத்தனை நாள் இடைவெளி என்பதெல்லாம் கிரியாட்டினினைப் பார்த்துத்தான் முடிவாகும். சிறுநீர்ப்பைத் தொற்றுக்கு 5 நாள் போதுமாக இருந்திருக்கும். சிறுநீரகத்துக்கு 7 முதல் 14 நாள் வரை ஆகலாம். காய்ச்சல் விட்டதும் நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், பயத்தில் நீங்களாக நீட்டவும் வேண்டாம்.

வீட்டில் மீந்திருக்கும் அரை அட்டையை யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். சாக்கடையிலோ கிணற்றடியிலோ கொட்டாதீர்கள். ஆஸ்பத்திரிக்குப் போகும்போது எடுத்துப்போய், மருந்துக் கழிவில் சேர்த்துக்கொள்வார்களா என்று கேட்டுப் பாருங்கள். கல்ச்சர் ரிப்போர்ட்டை மட்டும் பத்திரமாக ஒரு ஃபைலில் போட்டு வையுங்கள். அடுத்த தடவை நீர்க்கடுப்பு வந்து எந்த டாக்டரிடம் போனாலும், பழைய மருந்துச் சீட்டுக்கு முன்னால் அதைக் காட்டுங்கள்.